இரண்டு பழனியப்பன்கள்

போன மாதம் காரைக்குடியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த காட்சிக்கூடத்தில் இப்போது பழைய காகிதங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். அந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். குரலில் நல்ல சுறுசுறுப்பு.

"அம்மா, ஒரு சந்தேகம். பழனியப்பன்னு ஒரே பேருல, ஒரே இனிஷியல்ல, ஒரே வீட்டுல ரெண்டு பேர் வர்றாக. ஒருத்தர் பேருக்குப் பக்கத்துல மட்டும் ரெண்டு வார்த்தை கூடுதலா இருக்கு. அது உங்க கையெழுத்துன்னு இங்க சொல்றாக. கம்ப்யூட்டர் ரெண்டும் ஒரே ஆளுன்னு காட்டுது. அந்தக் கூடுதலை எடுத்துட்டு ரெண்டையும் ஒண்ணாச் சேத்துரவா?"

"சேக்காத" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள்.

ஏன் என்று அந்தப் பெண் கேட்டாள். போனில் சொல்லி முடிகிற சமாச்சாரமில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது. இதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. கை வலி ஒரு காரணம். இன்னொரு காரணம் படித்தால் தெரியும்.

என் ஊர் காளையார்கோவிலுக்குப் பக்கம். விவசாயக் குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங் பழகியிருந்தேன். அறுபதுகளின் நடுவில், ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நடத்திய ஓர் அறக்கட்டளையின் காட்சிக்கூடத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. "மியூசியத்துல பொம்பளப் புள்ளைக்கு என்ன வேலை? பொம்மை தொடைக்கப் போறியா ராக்கு?" என்று என் சித்தப்பா கேலி செய்தார். பொம்மையும்தான் துடைத்தேன்.

ஒரு பெரிய வீட்டின் முன்கட்டில் காட்சிக்கூடம். பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டிகள், எனாமல் அடுக்குகள், முழங்கை நீளச் சாவிகள், கல்யாணப் புகைப்படங்கள். வருகிறவர்கள் அரை மணியில் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்தச் சாவிக்கெல்லாம் பூட்டு எங்கே என்று கேட்காத ஆள் கிடையாது. பின்கட்டில் ஆவண அறை. அங்கே யாரும் வரமாட்டார்கள். என் மேஜை அங்கேதான்.

சென்னையில் மூன்று மாதம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பூச்சி வராமல் என்ன செய்வது, காகிதம் நனைந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மற்றதெல்லாம் எங்கள் காப்பாளர் ஹனீபா சாரிடம் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

ஹனீபா சார் ஒல்லியான மனிதர். ஹைஸ்கூல் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். எதற்கு விட்டார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஆபீஸில் அழிரப்பர் கிடையாது. நான் சேர்ந்த முதல் நாள் என் டப்பாவில் இருந்ததை எடுத்து, "இதை வீட்டுல வச்சிட்டு வாம்மா" என்றார். பதிவேட்டில் தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரு கோடு, ஒரே ஒரு கோடு. அடித்தது படிக்க முடிய வேண்டும். பக்கத்தில் சிவப்பு மையில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கோபம் வந்தால் திட்டமாட்டார். மேஜை டிராயரைத் திறந்து பென்சில்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சீவ ஆரம்பித்துவிடுவார். இரண்டு பென்சில் என்றால் சின்னத் தப்பு. நான் பார்த்ததில் அதிகம் ஏழு.

ஒரு வீட்டிலிருந்து காகிதங்கள் வந்தால் அவற்றுக்கு ஒரு முறை உண்டு. சாக்கை நிழலில் பிரித்துக் கொட்ட வேண்டும். மெல்லிய பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூசி தட்ட வேண்டும். ஒவ்வொரு கடிதத்தையும் விரித்து, தலையிலிருந்து கால் வரை படிக்க வேண்டும். யார், யாருக்கு, எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். எழுதினவர் பேரில் ஒரு கட்டு. அதில் சேர்த்து, பருத்தி நாடாவால் கட்ட வேண்டும். இரண்டாவது ஆள் மறுபடி படித்துப் பார்த்துச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். அந்த இரண்டாவது ஆள் எப்போதும் ஹனீபா சார்.

"படிக்காம கட்டாதம்மா. ஒரு ஆளோட தலையும் காலும் மட்டும் பாத்துட்டு அவரை எனக்குத் தெரியும்னு சொல்லுவியா?" என்பார்.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் நேமத்தான்பட்டியிலிருந்து ஒன்பது சாக்குக் காகிதம் வந்தது. பெரிய நகரத்தார் வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரிந்து, தம்பி பங்குக்கு வந்த அறையை ஒழித்தபோது இரண்டு பெரிய மரப்பெட்டி நிறையக் கடிதங்கள் கிடந்தனவாம். நெருப்பில் போடாமல் எங்களிடம் அனுப்பினார்கள், அதுவே பெரிய விஷயம். மூன்று தலைமுறையாக பர்மாவில் கடை வைத்திருந்த குடும்பம்.

அதே மாதம் எங்கள் காட்சிக்கூடத்துக்குப் புது அறை திறப்பு விழா. பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. 'நேமத்தான்பட்டித் தொகுப்பு' என்று பெயர்ப்பலகை எழுதியாகிவிட்டது. அலமாரியில் கட்டுகள் அடுக்கி இருந்தாக வேண்டும். பத்து நாளில் ஒன்பது சாக்கு. முதல் நான்கு சாக்கு முறைப்படி படித்தேன். அதற்குப் பிறகு கடிதத்தின் தலையில் இருக்கிற ஊரையும் வருஷத்தையும் பார்த்தேன், காலில் இருக்கிற பெயரைப் பார்த்தேன், கட்டினேன். ஹனீபா சார் பந்தல்காரனோடும் நாற்காலிக்காரனோடும் அல்லாடிக்கொண்டிருந்தார். நான் அடுக்கிவைத்த சீட்டுகளில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார்.

விழா நன்றாக நடந்தது. அதிகாரி எங்கள் அலமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விழா முடிந்து இரண்டு வாரம் கழித்து ஓர் ஆச்சி வந்தார். கல்யாணமான பெண்களை அந்தச் சமூகத்தில் ஆச்சி என்றுதான் மரியாதையாகச் சொல்வார்கள். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம். முன்கட்டில் எதையும் பார்க்காமல் நேரே பின்கட்டுக்கு வந்து நின்றார்.

"நேமத்தான்பட்டிப் பெட்டி இங்குட்டுத்தான வந்துச்சு?"

"ஆமா ஆச்சி. உக்காருங்க. நீங்க…"

"அந்த வீட்டு மூத்த மருமக. உமையா."

வருகையாளர் புத்தகத்தில் உமையாள் என்று எழுதினார். எழுத்து சின்னதாக, நேராக இருந்தது. பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். அவர் கதை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. பதினாறு வயதில் கல்யாணம். மூன்றாம் வருஷம் கணவர் ரெங்கோன் கடைக்குப் போனார். அடுத்த வருஷம் யுத்தம் வந்தது. பர்மாவிலிருந்து கால்நடையாகக் கிளம்பியவர்களில் பலர் வந்து சேர்ந்தார்கள். அவர் கணவர் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை. ஆச்சி குங்குமத்தை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை.

"அந்த வருஷம் வெயில் காலத்துல ஒரு ஆளு வந்தாரு. காலெல்லாம் புண்ணு. எங்க மாமா கையில ஒரு காயிதத்தக் குடுத்தாரு. நான் உள்கதவுக்குப் பின்னால நின்டு பாத்தேன். மாமா படிச்சாக. மடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சிட்டாக. என்னன்னு கேக்கச் சொல்லி மாமியாளை அனுப்புனேன். 'கடைச் சமாச்சாரம், ஒண்ணுமில்ல'ன்டாக. மறு வருஷம் மாமாவும் போயிட்டாக. பெட்டி கொழுந்தன் பங்குக்குப் போயிருச்சு. இருவத்தஞ்சு வருஷமா அந்தப் பெட்டியை நான் தொட்டதில்ல. அது அவுக எழுதுன காயிதந்தான் ஆத்தா. பாத்துச் சொல்லு."

"அவுக பேரு ஆச்சி?"

சொல்லவில்லை. புருஷன் பேரைப் பெண்கள் சொல்வதில்லை என்பது எனக்கும் தெரியும்தான். பதிவேட்டில் குடும்ப வரிசையைக் காட்டினேன். 'பழனியப்பன்' என்பதில் விரலை வைத்தார்.

அவர் பேரில் கட்டு இருந்தது. ரெங்கோனிலிருந்து தபாலில் வந்த கடிதங்கள், உறையும் தபால்தலையுமாக. எல்லாம் அவர் அப்பாவுக்கு எழுதியவை. கடைசிக் கடிதம் விஷு என்ற தமிழ் வருஷத்தின் ஐப்பசியில். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆச்சி சொன்ன காகிதம் அதற்கு நான்கைந்து மாதம் பிந்தியதாக இருக்க வேண்டும்.

"இல்ல ஆச்சி" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் ஆச்சி."

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று வருவார். டவுன் பஸ்ஸில் வந்து, வெயிலில் நடந்து, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருவார். "புதுசா எதுவும் ஆம்புட்டுச்சா ஆத்தா?" என்பார். இல்லை என்றால் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டு இருந்துவிட்டுப் போவார். நானும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டை எடுத்துப் பிரித்துப் பார்ப்பேன். ஒரே கட்டை. இருபத்தோரு கடிதம். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வருஷம் ஆச்சிக்கு அவசரம் வந்தது. பிள்ளையில்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளை ஒன்றைச் சுவீகாரம் எடுப்பதை அவர்கள் 'பிள்ளை கூட்டுதல்' என்பார்கள். கொழுந்தனாரின் இரண்டாவது மகனுக்கு அப்போது பத்து வயது. பிறந்ததிலிருந்து பெரியம்மா என்று ஆச்சியோடு ஒட்டிக்கொண்ட பிள்ளை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஆச்சியின் அறையில்தான். அவனைத் தேவகோட்டையில் ஒரு பங்காளி வீட்டில் கூட்டக் கேட்டு வந்திருந்தார்கள். "முதல் பாத்தியம் உங்களுக்குத்தான், நீங்க கூட்டுறீகளா?" என்று கொழுந்தனாரே கேட்டாராம்.

"நீங்களே கூட்டிக்கிட வேண்டியதுதான ஆச்சி?" என்றேன் நான், பெரிய மனுஷி மாதிரி.

"அவுக ஒரு வார்த்தை சொல்லாம நான் எப்பிடிக் கூட்டுறது? நானாக் கூட்டுனா, அவுக இனி வரமாட்டாகன்னு நானே ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி ஆகாதா? அந்தக் காயிதத்துல எதாச்சும் சொல்லியிருப்பாக. சரின்னோ, வேணாம்னோ. எதுன்னாலும் சரி. அவுக வார்த்தை எனக்கு வேணும்."

கட்டை எடுத்துக் காட்டினேன். இருபத்தொன்று. ஆச்சி என் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தார். அவர்கள் வீட்டுக் கட்டுகள் நாற்பதுக்கு மேல் அதில் இருந்தன.

"ஆத்தா, நான் ஒண்ணு கேக்குறேன். அம்புட்டையும் ஒரு தடவை நானே பாக்குறேனே. ஒரு நாளு போதும். எனக்குப் படிக்கக்கூட வேணாம். அவுக எழுத்து நாலு எழுத்தைக் கண்டாச் சொல்லிருவேன்."

அன்று வெள்ளிக்கிழமை. ஹனீபா சார் தொழுகைக்குப் போயிருந்தார். ஆபீஸ் என் பொறுப்பில் இருந்தது. அந்தப் பொறுப்பு எனக்குத் தலைக்கேறி இருந்ததும் உண்மை. சுவரில் இருந்த பலகையைக் காட்டினேன். 'வெளியார் ஆவணங்களைத் தொடக்கூடாது.'

"ரூல்ஸ் ஆச்சி. நாங்க மட்டுந்தான் பிரிக்கணும்."

"நான் வெளியாளா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பிரித்த கட்டை மறுபடி நாடாவால் கட்ட ஆரம்பித்தேன். "சரி. நீ இல்லேன்னா இல்லதான்" என்று எழுந்து போனார். சார் வந்த பிறகு நான் அதைச் சொல்லவும் இல்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த ஆவணியில் பையனைத் தேவகோட்டைக்குக் கூட்டிவிட்டார்கள். சடங்கு முடிந்தால் பிறந்த வீட்டுக்கும் அவனுக்கும் உறவு முறையே மாறிவிடும். ஆச்சி அதற்குப் பிறகும் வந்தார், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. உட்காரமாட்டார். வாசலிலேயே நின்று முகத்தை மட்டும் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். போய்விடுவார்.

ஐந்து வருஷம் கழித்து ஓர் ஐப்பசியில் அடை மழை. பின்கட்டு ஓடு ஒழுகி ஓர் அலமாரியின் கீழ்த்தட்டு நனைந்துவிட்டது. நனைந்த கட்டுகளைப் பிரித்து, மையுறிஞ்சும் தாளை விரித்து, ஒவ்வொரு கடிதமாக அதன் மேல் பரப்பினேன். அறை முழுக்கக் காகிதம். நடக்க இடமில்லாமல் ஓரமாகக் குந்தியிருந்தேன். என் காலுக்குப் பக்கத்தில் கிடந்த கடிதத்தில் 'ஏரோப்ளேன்' என்று ஒரு சொல் இருந்தது.

அந்தக் கட்டு ஆச்சியின் கணவருடையது அல்ல. அவர் கணவரின் ஐயாவுடையது, அதாவது தாத்தாவுடையது. யுத்தத்துக்கு அறுபது வருஷம் முன்னால் ரெங்கோனில் கடை போட்ட மனிதர். அவர் காலத்தில் ஏரோப்ளேன் ஏது?

இந்த இடத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த தப்பு இதுதான். நகரத்தார் வீட்டில் மூத்த பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். தாத்தா பழனியப்பன், மகன் சுப்பையா, பேரன் பழனியப்பன். தாத்தாவின் அப்பாவும் சுப்பையாதான். அதனால் இனிஷியலும் ஒன்று. இருவரும் ரெங்கோனில் ஒரே கடையிலிருந்து எழுதினார்கள். இருவரும் தங்கள் அப்பாவுக்கு, 'அப்பச்சி அவர்களுக்கு' என்றுதான் ஆரம்பித்தார்கள். நம் தமிழ் வருஷப் பெயர்களோ அறுபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். தாத்தா ரெங்கோனில் இருந்தபோது ஒரு விஷு வருஷம். பேரன் அங்கே இருந்தபோது அடுத்த விஷு வருஷம். பேரனின் மற்றக் கடிதங்களுக்குத் தபால் உறை இருந்ததால் அவற்றைச் சரியாகப் பிரித்தேன். இந்த ஒன்றுக்கு உறை இல்லை. ஆள் கையில் கொடுத்தனுப்பியது. தலையில் 'ரெங்கோன், விஷு வருஷம், மாசி மாதம்'. காலில் 'பழனியப்பன்'. தலையும் காலும் பார்த்து, உறையில்லாததெல்லாம் பழசு என்று தாத்தா கட்டில் வைத்துக் கட்டிவிட்டேன். நடுவில் நான்கு வரி படித்திருந்தால் போதும்.

ஈரம் காயும் வரை அந்தக் கடிதத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஹனீபா சார் நின்றுகொண்டே படித்தார். மறுபடி படித்தார். பிறகு என் சீட்டைப் பார்த்தார். அதில் என் கையெழுத்து, கீழே அவர் கையெழுத்து.

"சார், இது இப்பத்தான் புதுசா வந்துச்சுன்னு பதிஞ்சிருவமா?" என்றேன். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். வேலை போய்விடுமோ என்ற பயம். அதைவிட ஆச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற பயம்.

"யாரு கொண்டாந்து குடுத்ததுன்னு எழுதுவ?"

நான் தரையில் கிடந்த ஈரத் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"அந்த அம்மா தானே பாக்குறேன்னு எப்பவாச்சும் கேட்டாகளா?"

"கேட்டாக சார். ஒரு வெள்ளிக்கிழமை. நீங்க இல்ல."

"நீ என்ன சொன்ன?"

"ரூல்ஸ்னு சொன்னேன்."

டிராயரைத் திறந்தார். பென்சிலை எடுத்தார், மேஜையில் வைத்தார், சீவவில்லை. பதிவேட்டை என் பக்கம் தள்ளி, சிவப்பு மைப்பேனாவைக் கொடுத்தார். பழைய வரியின் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் 'படிக்காமல் தவறான கட்டில் சேர்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் பேனாவை வாங்கி அதற்குக் கீழே 'படிக்காமல் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டேன்' என்று எழுதி, தன் முழுப் பெயரையும் போட்டார்.  

"நாளைக்கு ரெண்டு பேரும் போவோம். காயிதத்தை எடுத்துக்கிட்டுப் போவோம்" என்றார்.

"வெளியே கொண்டுபோகக் கூடாதே சார்."

"நான் எழுதி வச்சிட்டு எடுத்துட்டு வாறேன். அது என் பாடு."

மறுநாள் நேமத்தான்பட்டியில் அந்தப் பெரிய வீட்டில் ஆச்சியின் பங்குக்கு இருந்த ஒற்றை அறையில் உட்கார்ந்திருந்தோம். ஹனீபா சார் நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஒரு சொல்லைக்கூட மெழுகவில்லை. ஆச்சி என்னைப் பார்க்கவில்லை. சாரையும் பார்க்கவில்லை. சாரின் மடியில் இருந்த கடிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படி" என்றார் என்னிடம்.

மை கலங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. ஏரோப்ளேன் வந்து குண்டு போடுகிறது. கப்பலில் இடமில்லை. முன்னால் கிளம்புகிற ஒருவர் கையில் இதைக் கொடுக்கிறேன். நாங்கள் நாளை நடந்து கிளம்புகிறோம். எனக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. நான் வந்து சேர்ந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. அடுத்த தீபாவளிக்குள் நான் வராவிட்டால் உமையாளை எனக்காகக் காக்கவைக்க வேண்டாம். தம்பிக்குப் பிள்ளை பிறந்தால் அதில் ஒன்றை அவள் கூட்டிக்கொள்ளட்டும். இதற்கு என் முழுச் சம்மதம். இதை அவளிடமே சொல்லிவிடவும்.

மாமனார் ஏன் சொல்லவில்லை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மகன் வந்துவிடுவான் என்று நம்பியிருப்பார். சொன்னால் அவனைத் தானே கைவிட்ட மாதிரி ஆகும் என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அவர் ஒரு வருஷம் மறைத்தார். நான் ஆறு வருஷம்.

"எம் பேரையா எழுதியிருக்காக?" என்று கேட்டார் ஆச்சி.

"ஆமா ஆச்சி."

"உங்க மருமகன்னு எழுதலையா?"

"இல்ல ஆச்சி. உமையாள்னு எழுதியிருக்காக."

அந்தக் காலத்தில் அப்பாவுக்கு எழுதுகிற கடிதத்தில் யாரும் மனைவி பெயரை எழுதமாட்டார்கள். காகிதத்தைக் கேட்டு வாங்கினார். நான் சொல்லாமலேயே அந்த வரியைக் கண்டுபிடித்து, பெயரின் மேல் விரலை வைத்தார். அன்று பதிவேட்டில் வைத்த அதே விரல். வெகுநேரம் அதை எடுக்கவில்லை. ஹனீபா சார் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

பிறகு ஆச்சி என்னைப் பார்த்தார்.

"நானே பாக்குறேன்னு அன்னைக்குக் கேட்டேனே ஆத்தா. ஏன் விடல?"

  இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். மன்னித்தேன் என்று ஆச்சி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அந்த வயதிலும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஆச்சி அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். காட்சிக்கூடத்துக்கு வரவேயில்லை. குங்குமத்தையும் எடுக்கவில்லை. சம்மதம் சொல்லியிருந்ததே தவிர, கடிதத்தில் சாவு இல்லையே. அவர் இறந்த அன்று நானும் போனேன். கொழுந்தனாரும் அவர் மூத்த மகனும் ஊரில் இல்லாததால், யார் கொள்ளி வைப்பது என்று பங்காளிகள் ஒதுங்கி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தேவகோட்டைக்குக் கூட்டிவிட்ட அந்தப் பிள்ளை, வாலிபனாகி, கூட்டத்தோடு கூட்டமாக நின்று அழுதுகொண்டிருந்தான். அவன் வேறு வீட்டுப் பிள்ளை. கடைசியில் தூரத்துப் பங்காளி ஒருவர் வைத்தார். அன்று அந்தப் பையன் நின்ற இடத்தை என்னால் இன்றும் காட்ட முடியும்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை, தங்கள் வீட்டுக் காகிதத்தைத் தேடி யார் வந்தாலும் பக்கத்தில் உட்காரவைத்து அவர்கள் கையாலேயே பிரிக்கவிட்டேன். அதற்காக இரண்டு முறை மெமோ வாங்கினேன். ஹனீபா சார் அந்தப் பலகையைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். அவர் போன பிறகு மறுபடி மாட்டினார்கள்.

ஒன்று சொல்லாமல் விட்டேன். அந்தப் பெண் கேட்டதும் அதைத்தான்.

நேமத்தான்பட்டியில் அன்று நாங்கள் கிளம்பும்போது ஆச்சி கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஹனீபா சார். எந்த விதியில் அப்படிச் சொன்னாரோ தெரியாது. ஆச்சி வேண்டாம் என்றார்.

"எனக்கப்புறம் இங்க யாரு இருக்கா? அங்கேயே இருக்கட்டும். ஆனா ஐயா கட்டுல வேணாம். அவுக கட்டுல வையிங்க."

"அவுக கட்டுலயே வச்சிடுறோம் ஆச்சி" என்றேன். "ரெண்டு பேருக்கும் பேரும் ஒண்ணு, விலாசமும் ஒண்ணு. இனிமே யாரும் சேத்துறக்கூடாது. அவுக பேரோட வேற என்ன போடட்டும்?"

ஆச்சி கடிதத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"அவுக பேரை நான் சொல்லக்கூடாது. எம் பேரைச் சொல்லலாம்ல. அவுகளே எழுதியிருக்காக. எம் பேரைப் போடு."

அன்று மாலையே காரைக்குடி திரும்பி, அவர் கட்டுக்குப் புதுச் சீட்டு எடுத்து எழுதினேன். 'பழனியப்பன். உமையாள் கணவர்.'

அதுதாம்மா நீ கேட்ட கூடுதல். கம்ப்யூட்டரில் அதற்குக் கட்டம் இல்லை என்றால், ஒரு கட்டம் போடு.